வாரத் தவணையும் வராத தூக்கமும்: குழுக்கடன் விதிகள் என்ன சொல்கின்றன?

தூக்கம் வரவில்லை, நெஞ்சு படபடக்கிறது என்று வருகிற பெண்களிடம் நான் முதலில் கேட்பது, "எந்த ராத்திரி ரொம்ப மோசம்?" என்றுதான். திருத்துறைப்பூண்டி, வேதாரண்யம் பக்கத்துக் கிராமங்களில் பலமுறை ஒரே மாதிரி பதில் வரும். குழுக்கடன் தவணை கட்டும் கூட்டம் செவ்வாய்க்கிழமை என்றால், திங்கள் ராத்திரி.

டெல்டாவில் கூலி வருவது நடவு, களையெடுப்பு என்று ஆண்டில் சில வாரங்கள்தான். அறுப்பு வேலையைப் பெரும்பாலும் இயந்திரம் எடுத்துக்கொண்டது. தவணை மட்டும் வாரா வாரம். ஜூன் 12-ல் பாசனத்துக்கு மேட்டூர் அணை திறந்தாலும் திறக்காவிட்டாலும் அது நிற்காது. அதனால் மாத்திரைச் சீட்டோடு, கடன் கொடுத்த நிறுவனம் தவணை விவரம் எழுதித் தரும் கடன் அட்டையையும் எடுத்து வரச் சொல்வேன்.

சரி, விதிக்கு வருவோம். ரிசர்வ் வங்கியின் நுண்கடன் விதிகள் 2022 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ளன. ஆண்டு வருமானம் 3 லட்சம் ரூபாய்க்கு மேல் போகாத குடும்பத்துக்கு அடமானம் இல்லாமல் தரும் கடன்தான் நுண்கடன்; குழுக்கடனும் பெரும்பாலும் இதில்தான் வரும். வங்கி கொடுத்தாலும் நிதி நிறுவனம் கொடுத்தாலும் இதே விதிதான்.

இதில் முக்கியமானது பாதிக் கணக்கு. குடும்பத்தின் எல்லாக் கடன் தவணைகளும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டும்படி புதுக் கடன் தரக்கூடாது. மாதம் 14,000 வருகிற வீட்டுக்கு 7,000தான் எல்லை. நடைமுறையில் ஒரு நிறுவனத்தின் தவணையைக் கட்ட இன்னொன்றில் வாங்கி, நாலு அட்டை வைத்திருப்பவர்களைப் பார்க்கிறோம். அவர்கள் தங்களைத்தான் குற்றவாளியாக நினைக்கிறார்கள். வருமானத்தைக் கணக்குப் பார்த்துத்தான் கடன் தர வேண்டும் என்ற பொறுப்பு கொடுத்தவருக்கும் உண்டு என்று சொன்னால், முகமே கொஞ்சம் மாறும்.

அடுத்தது வசூல். காலை 9 மணிக்கு முன்போ மாலை 6 மணிக்குப் பின்போ அழைக்கக்கூடாது. திட்டக்கூடாது, மிரட்டக்கூடாது, ஓயாமல் போன் அடிக்கக்கூடாது. உறவினரையோ கூட வேலை செய்பவரையோ தொந்தரவு செய்யக்கூடாது. பணம் கட்டும் இடம் இருதரப்பும் பேசி முடிவு செய்த இடமாக இருக்க வேண்டும். தொடர்ந்து இரண்டு தடவையோ அதற்கு மேலோ வராமல் போனால்தான் வீடு தேடி வரலாம். ராத்திரி எட்டு மணிக்குத் திண்ணையில் வந்து உட்கார்ந்துகொள்வது விதியில் இல்லை.

தாமதத்துக்கு அபராதம் போட்டால் கட்டாமல் நின்ற தொகைக்கு மட்டும்தான் போடலாம், முழுக் கடனுக்கும் அல்ல. முன்கூட்டியே அடைத்தால் அபராதமே கிடையாது. அட்டை உங்களுக்குப் புரிகிற மொழியில் இருக்க வேண்டும்.

மீறினால் முதலில் அந்த நிறுவனத்துக்கே எழுத்தில் புகார் கொடுங்கள். தேதி, நேரம், வந்தவர் பேசியது எல்லாம் அதில் இருக்கட்டும். 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் சரியில்லை என்றாலோ ரிசர்வ் வங்கிக் குறைதீர்ப்பாளருக்குப் போகலாம். கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டாம். வழி கேட்க ரிசர்வ் வங்கியின் எண் 14448. ஒன்று மட்டும்: புகார் கொடுத்ததால் கடன் தள்ளுபடி ஆகாது. சிலர் அப்படி நம்பிக் கட்டுவதை நிறுத்தி, இன்னும் சிக்கிக்கொள்கிறார்கள்.

தெருவில் கைமாற்றாக, மீட்டர் வட்டிக்கு வாங்கியதற்கு இந்த விதி பொருந்தாது. அதற்கு 2003-ன் கந்துவட்டித் தடைச் சட்டம் இருக்கிறது, காவல் நிலையத்துக்குத்தான் போக வேண்டும்.

அப்புறம் மனசு. கடன் பேசி முடியும்வரை தூக்கம் காத்திருக்காது. அரசின் மனநல உதவி எண்ணான 14416-ல் (டெலிமானஸ்) 24 மணி நேரமும் தமிழில், இலவசமாகப் பேசலாம். அரசு மருத்துவமனை மனநலப் பிரிவிலும் காட்டலாம். உயிரை விட நினைத்தவரை, முயன்றவரையே கூட, போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று பயந்து வீட்டில் மறைக்கிறார்கள். 2017-ன் மனநலப் பராமரிப்புச் சட்டம், பிரிவு 115, அவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கொள்கிறது. தண்டிப்பதற்குப் பதில் சிகிச்சை கொடுப்பது அரசின் கடமை என்கிறது. உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள். அட்டையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.