ஹெவி ஆயில்: கனமா, மிகுதியா?

பந்தை உருட்டிப் பத்துப் 'பின்'களை, அதாவது குப்பி வடிவக் கட்டைகளைச் சாய்க்கும் ஆட்டம் டென்பின் பௌலிங். பந்து ஓடும் தடத்தில் எண்ணெய் பூசியிருப்பார்கள். அதைப் பற்றி ஆடுகிறவர்கள் 'இன்றைக்கு ஹெவி ஆயில்' என்று சொல்லக் கேட்கலாம். அதைக் 'கன எண்ணெய்' என்று பெயர்த்தால் குழப்பம்தான். பெட்ரோலியத் துறையில் அது கெட்டியான கச்சா எண்ணெயைக் குறிக்கும். புதியவர்களோ, எடை கூடிய பந்து வேண்டும்போல என்று நினைத்து 14 பவுண்டிலிருந்து 16க்குத் தாவிவிடுவார்கள். இந்தச் சொல்லுக்கும் எடைக்கும் தொடர்பே இல்லை.

'ஹெவி' பழைய ஆங்கிலத்தின் 'ஹெஃபிக்' என்பதிலிருந்து வந்தது. தூக்குவதைக் குறிக்கும் 'ஹீவ்' இதற்கு உறவுச்சொல். தூக்கச் சிரமமானது என்ற பொருள் நாளடைவில் 'அளவில் மிகுந்தது' என்றும் விரிந்தது. நாம் கனமழை என்கிறோமே, அந்தக் கனம்தான் இது. 'ஆயில்' லத்தீன் வழியாக வந்த சொல். அடியில் இருப்பது ஆலிவ். நம் எண்ணெயின் அடியில் எள். தடத்தில் பூசுவதோ கனிம எண்ணெய், அதில் இரண்டும் கிடையாது!

பந்தை விடும் எல்லைக்கோட்டிலிருந்து முதல் 'பின்' வரை தடம் 60 அடி. பெரும்பாலும் முதல் 38 முதல் 42 அடிக்கு எண்ணெய் பூசி, மீதியை உலர்வாக விடுவார்கள். பொழுதுபோக்கு ஆட்டத்துக்குச் சுமார் 20 முதல் 25 மி.லி. போதும், 30ஐ நெருங்கினால் ஹெவி. பூச்சின் நீளம் வேறு கணக்கு. 45 அடி பூசியிருந்தாலும் அளவு குறைவாக இருக்கலாம். அதனால் 'மிகுஎண்ணெய்த் தடம்' என்பதே பொருத்தமான தமிழ்.

பந்தின் ஓட்டம் சறுக்கல், வளைவு, உருளல் என்று மூன்று கட்டம். எண்ணெய் மிகுந்தால் சறுக்கல் நீண்டு, வளைய இடம் இல்லாமல் போகும். வலக்கை ஆட்டக்காரரின் பந்து முதல் 'பின்'னுக்கு வலப்பக்கம் மெலிதாகப் பட்டால், அல்லது படாமலே போனால், அதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான். திரும்பி வந்த பந்தைக் கையில் எடுத்துப் பாருங்கள்: தடத்தில் கண்ணுக்குத் தெரியாத எண்ணெய், பந்தைச் சுற்றி வளையம் வளையமாகப் பளபளக்கும்.

இதற்கான பந்தில் முதலில் பார்க்க வேண்டியது மேலுறை. பாலியஸ்டர் பந்து இங்கே வழுக்கிக்கொண்டு நேராகப் போய்விடும். தடத்தைப் பிடிக்கும் மேலுறைப் பொருளான ரியாக்டிவ் ரெசினில் 'சாலிட்' வகை வேண்டும். நுண்துளைகள் எண்ணெயை உறிஞ்சிப் பிடிப்புத் தரும். மெருகேற்றிய 'பேர்ல்' வகை தாமதமாகவே பிடிக்கும். அடுத்தது மேற்பரப்பின் சொரசொரப்பு. 500 முதல் 2000 கிரிட் (தேய்ப்புத்தாளின் எண்) வரை தேய்த்த மங்கல் பரப்பு நல்லது. கிரிட் எண் குறையக் குறையச் சொரசொரப்பு கூடும். புதுப் பந்து வாங்குமுன் இருக்கிற பந்தையே 1000 கிரிட்டில் தேய்த்துப் பார்ப்பது மலிவான வழி. கடைசியாக உட்கரு. பந்தின் எடை நடுவிலிருந்து எவ்வளவு தள்ளிப் பரவியிருக்கிறது என்பதைச் சொல்வது சுழற்சி ஆரம். அது 2.46 முதல் 2.50 அங்குலம் என்றால் பந்து சீக்கிரமே உருளத் தொடங்கும். 'டிஃபரன்ஷியல்', அதாவது அந்த ஆரத்தின் அதிகபட்சத்துக்கும் குறைந்தபட்சத்துக்கும் உள்ள வித்தியாசம், 0.050 அங்குலத்துக்கு மேல் இருந்தால், ஒவ்வொரு சுற்றிலும் எண்ணெய் படாத புதுப் பரப்பு தடத்தைத் தொடும். விதிப்படி உச்சம் 0.060.

இதே பந்தை உலர்ந்த தடத்தில் உருட்டினால் பாதி வழியிலேயே வளைந்து, வேகத்தைச் செலவழித்துவிட்டுச் வலுவில்லாமல் 'பின்'னை முட்டும். சிலர் இதைப் பந்தின் குறை என்பார்கள். தேர்வின் குறை அது. இரண்டாவதாக ஒரு மெருகுப் பந்து பையில் இருக்கட்டும்.

உறிஞ்சும் பந்து எண்ணெய் குடித்தே மந்தமாகும். ஒவ்வொரு உருட்டுக்கு முன்பும் மைக்ரோஃபைபர் துண்டால் துடைக்க வேண்டும். ஆட்டம் முடிந்ததும், எண்ணெய் உள்ளே இறங்குமுன், பந்துக்கான துப்புரவுத் திரவத்தால் துடைத்துவிடுங்கள்.