நீதிபதி ஒருவர் டி.ஏ. தேர்தலில் நிற்கலாமா? நியூயார்க் விதிகள் சொல்வது

ஜார்ஜ் கிராசோ சாதாரண ரோந்துக் காவலராக நியூயார்க் போலீஸில் சேர்ந்து, முதல் துணை ஆணையர் வரை உயர்ந்தவர். 2010-ல் மேயர் ப்ளூம்பெர்க் அவரைக் குற்றவியல் நீதிமன்ற நீதிபதியாக நியமித்தார். கடைசியில் நியூயார்க் நகரத்தின் குயின்ஸ் கவுண்டியின் (கவுண்டி என்பது நம் மாவட்டம் மாதிரி) குற்றவியல் பிரிவுக்கே நிர்வாக நீதிபதியாக இருந்து 2022-ல் ஓய்வு பெற்றார். மறு வருடமே அதே கவுண்டியில் டிஸ்ட்ரிக்ட் அட்டர்னி (டி.ஏ.) தேர்தலில் நின்றார். பதவியில் இருந்த மெலிண்டா காட்ஸிடம் ஜனநாயகக் கட்சி தன் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் முதல்நிலைத் தேர்தலிலேயே தோற்றுப் போனார்.

ஃப்ளஷிங் பிள்ளையார் கோவில் இருப்பது இந்தக் குயின்ஸில்தான். அந்தப் பக்கம் வாழும் தமிழர்களில் ஓட்டுரிமை உள்ளவர்களுக்கு இந்தத் தேர்தலின் ஓட்டுச் சீட்டு நான்கு வருடத்துக்கு ஒருமுறை கைக்கு வரும். ஆனால் இது என்ன பதவி, இதற்கு யார் நிற்கலாம் என்பது பலருக்கும் தெளிவாக இருப்பதில்லை.

டிஸ்ட்ரிக்ட் அட்டர்னியை எல்லோரும் டி.ஏ. என்றுதான் சொல்வார்கள். 'அரசு வழக்கறிஞர்' என்று தமிழாக்கினால் பாதி அர்த்தம் போய்விடும். அரசாங்கம் கொடுக்கும் வழக்கை வாங்கி வாதாடுவதோடு இவர் வேலை முடிவதில்லை. போலீஸ் பிடித்து வந்தவர் மீது வழக்குப் போடுவதா, எந்தப் பிரிவில் போடுவது, வழக்கு நடத்த ஆதாரம் போதுமா என்று பார்க்கும் பொதுமக்கள் குழுவான கிராண்ட் ஜூரி முன் கொண்டு போவதா, குற்றத்தை ஒப்புக்கொண்டால் எவ்வளவு தண்டனைக்குச் சம்மதிப்பது, எல்லாமே இவருடைய அலுவலகத்தின் முடிவு. அமெரிக்காவில் தண்டனையில் முடியும் வழக்குகளில் பத்தில் ஒன்பதுக்கும் மேல் இப்படிப் பேசித் தீர்க்கப்படுபவை. விசாரணையே நடக்காத வழக்கில் நீதிபதிக்கு என்ன பெரிய வேலை? நீதிபதி நாற்காலியை விட்டு டி.ஏ. பதவிக்கு வருபவரைப் பார்த்து 'ஏன் இறங்கி வருகிறார்' என்று கேட்பவர்களுக்கு என் பதில் இதுதான்: அதிகாரம் இந்தப் பக்கம்தான் கூட.

இந்தப் பாதையும் புதிதில்லை. குயின்ஸில் ஏறக்குறைய 28 வருடம் டி.ஏ.யாக இருந்த ரிச்சர்ட் பிரவுன், அதற்கு முன் மேல்முறையீட்டுப் பிரிவின் நீதிபதி. இடையில் பதவி காலியானால் ஆளுநர் ஆளை நியமிக்கலாம் என்ற விதிப்படி 1991-ல் ஆளுநர் மாரியோ குவோமோ அவரை அமர்த்தினார். அப்புறம் தேர்தல் தேர்தலாக ஜெயித்து, 2019 மே மாதம் பதவியில் இருக்கும்போதே இறந்தார்.

சரி, பதவியில் இருக்கும் நீதிபதி ஒருவர் இதற்கு நிற்க வேண்டுமென்றால் என்ன செய்ய வேண்டும்? நியூயார்க்கில் நீதிபதிகளுக்கான நடத்தை விதி கறாரானது. நீதித்துறை சாராத தேர்தல் பதவிக்கு வேட்பாளராகிற அன்றே நீதிபதி பதவியை ராஜினாமா செய்துவிட வேண்டும். முதல்நிலைத் தேர்தலில் நின்றாலும் இதேதான். ஜெயித்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பதெல்லாம் கிடையாது. தோற்றால் பழைய நாற்காலியும் இல்லை.

காரணம் எளிது. பணியில் இருக்கும் நீதிபதி எந்த வேட்பாளருக்கும் ஆதரவு சொல்லக் கூடாது, நன்கொடை கொடுக்கக் கூடாது, கட்சிக் கூட்டத்துக்குப் போகக் கூடாது. தானே நீதிபதி தேர்தலில் நிற்கும்போது மட்டும், குறிப்பிட்ட சில மாதங்களுக்குக் கொஞ்சம் தளர்வு உண்டு. காலையில் ஜாமீன் மனுவைக் கேட்டுவிட்டு மாலையில் 'குற்றவாளிகளை விட மாட்டேன்' என்று மேடையில் முழங்குகிறவர் முன்னால் யார் நம்பிக்கையோடு போய் நிற்பார்கள்?

கிரெகரி லாசக் இந்த விலையைக் கொடுத்தவர். கால் நூற்றாண்டு குயின்ஸ் டி.ஏ. அலுவலகத்தில் வேலை பார்த்து, கொலை வழக்குப் பிரிவுக்குத் தலைமை வகித்து, பிறகு நியூயார்க் சுப்ரீம் கோர்ட் நீதிபதியானார். (பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம். நியூயார்க்கில் சுப்ரீம் கோர்ட் என்பது விசாரணை நீதிமன்றம். உச்சியில் இருப்பதன் பெயர் கோர்ட் ஆஃப் அப்பீல்ஸ்.) 2018-ல் அந்தப் பதவியை விட்டுவிட்டு 2019 டி.ஏ. தேர்தலுக்கு வந்தார். முதல்நிலைத் தேர்தலில் கிடைத்தது மூன்றாம் இடம். தேர்தல் இரவில் டிஃபனி கபான் என்ற இளம் வழக்கறிஞர் சுமார் 1,100 ஓட்டு முன்னிலையில் இருந்தார். தபால் ஓட்டுகளை எண்ணி, மறு எண்ணிக்கையும் முடிந்தபோது காட்ஸ் ஜெயித்த வித்தியாசம் வெறும் 60 ஓட்டு.

எல்லா மாநிலமும் இப்படி இல்லை. பென்சில்வேனியா இன்னும் கடுமை: நீதிபதி வேறு பதவிக்கு மனு தாக்கல் செய்தாலே பதவி தானாகப் பறிபோகும் என்று மாநில அரசியல் சாசனத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். பிலடெல்பியாவில் பேட்ரிக் டூகன் முனிசிபல் கோர்ட் நீதிபதி பதவியை விட்டுவிட்டு 2025-ல் பதவியில் இருந்த டி.ஏ. லாரி கிராஸ்னரை எதிர்த்து நின்று தோற்றார். கலிபோர்னியா இதற்கு நேரெதிர். அங்கே விசாரணை நீதிமன்ற நீதிபதி சம்பளமில்லா விடுப்பு எடுத்துக்கொண்டு நிற்கலாம். ஜெயித்துப் புதிய பதவியை ஏற்றால்தான் பழையது போகும். நியூ ஜெர்சியிலோ இந்தப் பேச்சுக்கே இடமில்லை, டி.ஏ. வேலையைப் பார்க்கும் கவுண்டி பிராசிக்யூட்டரை ஆளுநர்தான் நியமிக்கிறார்.

நியூயார்க்கில் மற்ற தகுதிகள் அதிகமில்லை. வயது 18, அமெரிக்கக் குடியுரிமை, அந்தக் கவுண்டியில் குடியிருப்பு. வழக்கறிஞராகவும் இருக்க வேண்டும். அதையும் 1995-ல் கோர்ட் ஆஃப் அப்பீல்ஸ் தீர்ப்புச் சொல்லி உறுதி செய்ய வேண்டியிருந்தது. நீதிபதி அனுபவம் தகுதிப் பட்டியலிலேயே இல்லை. அது ஓட்டுக் கேட்கும்போது சொல்லிக்கொள்ள மட்டும்தான்.

உண்மையான இடைஞ்சல் கையெழுத்து. நியூயார்க் நகரத்துக்குள் ஒரு கவுண்டி முழுவதற்கும் நிற்பவர், முதல்நிலைத் தேர்தல் ஓட்டுச் சீட்டில் பெயர் வர 4,000 செல்லுபடியாகும் கையெழுத்துகளைக் காட்ட வேண்டும். கையெழுத்துப் போடுகிறவர் அதே கவுண்டியில், வேட்பாளரின் கட்சியைக் குறித்து வாக்காளராகப் பதிவானவராக இருக்க வேண்டும். குளிர் விடாத மார்ச் மாதத்தில் சப்வே ரயில் நிலைய வாசலில் அட்டையும் பேனாவுமாக யாராவது உங்களை மறித்தால் விஷயம் இதுவாக இருக்கலாம். ஒரே பதவிக்கு இரண்டு வேட்பாளர்களின் தாளில் கையெழுத்துப் போட்டால் தேதியில் முந்தியதுதான் எண்ணப்படும். எதிர்த் தரப்பு ஒவ்வொரு கையெழுத்தையும் நோண்டிப் பார்க்கும் என்பதால் புத்திசாலிகள் 4,000-த்தோடு நிறுத்த மாட்டார்கள்.

நீதிபதியாக இருந்தவர் ஜெயித்துவிட்டால் ஒரு சிக்கல் கூடவே வரும். தன் முன்னால் வந்த வழக்கில் முன்னாள் நீதிபதி வக்கீலாக ஆஜராகக் கூடாது என்று நியூயார்க் சட்டம் சொல்கிறது. நேற்றுவரை பெஞ்சில் கேட்ட வழக்கை இன்று எதிர்மேசையிலிருந்து நடத்த முடியாது. டி.ஏ. விலக வேண்டிய வழக்குக்கு நீதிமன்றம் தனியாக ஒரு சிறப்பு டி.ஏ.வை நியமிக்கும். பல வருடம் அதே கவுண்டியில் உட்கார்ந்தவருக்கு இந்தப் பட்டியல் நீளமாகத்தான் இருக்கும். ஓட்டுக் கேட்டு வருகிறவரிடம் இதைக் கேட்கலாம், தப்பில்லை.

ஓட்டுப் போடுகிறவர்களுக்கு: குயின்ஸ் மாதிரி ஒரே கட்சி ஓங்கிய இடத்தில் நவம்பர் தேர்தல் பெரும்பாலும் சம்பிரதாயம், ஜூன் மாதமே முடிவு தெரிந்துவிடும். அந்த முதல்நிலைத் தேர்தலில் அந்தக் கட்சியில் பதிவு செய்தவர்கள் மட்டுமே ஓட்டுப் போட முடியும். எந்தக் கட்சியும் வேண்டாம் என்று பதிவுப் படிவத்தில் குறித்தவருக்கு ஜூனில் ஓட்டுச் சீட்டே கிடையாது. மேயர் தேர்தலில் 1, 2, 3 என்று வரிசைப்படுத்திப் பழகியவர்கள் குழம்ப வேண்டாம், டி.ஏ.வுக்கு அந்த முறை பொருந்தாது, ஒரே ஒருவரைத்தான் தேர்ந்தெடுக்கலாம்.

குயின்ஸில் அடுத்த டி.ஏ. தேர்தல் 2027-ல். ஏற்கெனவே வாக்காளராகப் பதிந்தவர் கட்சியை மாற்றவோ புதிதாக ஒரு கட்சியில் சேரவோ நினைத்தால், அந்த வருடம் பிப்ரவரி 14-க்குள் தேர்தல் வாரியத்துக்குப் படிவம் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். முதல்முறையாகப் பதிகிறவர் பதியும்போதே கட்சியைக் குறித்துவிடலாம்.