கொட்டையை விழுங்கிய பிள்ளைக்கு விளக்கெண்ணெய் கொடுக்காதீர்கள்

ஆடி, ஆவணியில் நாவல். தை, மாசியில் இலந்தை. பிள்ளைகள் பழத்தைக் கொட்டையோடு விழுங்கிவிட்டு, இரண்டு மூன்று நாள் கழித்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு வருகிறார்கள். அதற்குள் வீட்டில் விளக்கெண்ணெய் கொடுத்து முடித்திருப்பார்கள்.

தெரியாமல் ஒரு கொட்டையை விழுங்கினால் பயப்பட ஒன்றுமில்லை, தானாக வெளியே வந்துவிடும். கை கையாக அள்ளி விழுங்கும்போதுதான் தொல்லை. கொட்டை குடலில் செரிக்காது. கொய்யா, மாதுளை, இலந்தை என எதுவானாலும் பெருங்குடலில் தண்ணீர் உறிஞ்சப்பட்டபின் மலக்குடலில் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு கல்போல் இறுகும்.

பேதி மருந்து அந்தக் கல்லைக் கரைக்காது. விளக்கெண்ணெய் குடலை முறுக்கிப் பிழிய வைக்கும். வழி அடைத்திருக்கும்போது பிழிந்தால் வலியும் வாந்தியும்தான் கூடும். அடைப்பு சிறுகுடலில் இருந்தால் குடல் ஓட்டையாகவும் கூடும். வாழைப்பழம், வெந்நீர், மறுபடி எண்ணெய் என்று ஒன்றன்மேல் ஒன்றாகக் கொடுப்பதும் இதே தவறுதான்.

இன்னொரு ஏமாற்றம் உண்டு. இறுகிய கட்டியின் ஓரமாகத் தண்ணீர் மலம் கசியும். அதை வயிற்றுப்போக்கு என்று நினைத்து, நிறுத்தும் மாத்திரை வாங்கிக் கொடுக்கிறார்கள். பிள்ளை முக்கிக்கொண்டே இருக்கிறது, உட்கார முடியாமல் அழுகிறது, கொஞ்சம் கொஞ்சமாக ஜட்டியில் கசிகிறது என்றால் அது பேதி அல்ல, அடைப்பு. ஆசனவாயில் விரல் விட்டுப் பார்த்தாலே தெரிந்துவிடும். மருத்துவ நண்பர்களே, அதைத் தவிர்க்காதீர்கள். மயக்க மருந்து கொடுத்துக் கையால் எடுத்துவிடலாம். பெரும்பாலும் வயிற்றைத் திறக்க வேண்டியிருக்காது.

பெரியவர்கள் கதை வேறு. சிறுகுடல் பெருங்குடலோடு சேரும் இடம் குறுகலானது. ஒரு புளியங்கொட்டை அங்கே சிக்கிக்கொண்டால் கொட்டையை மட்டும் குற்றம் சொல்லாதீர்கள். நல்ல குடலில் அது போயிருக்க வேண்டும். குடல் காசநோய்ச் சுருக்கமோ பழைய அறுவையின் ஒட்டுதலோ அங்கே இருக்கலாம். கொட்டையை எடுத்ததோடு விடாமல் சதைத் துணுக்கைப் பரிசோதனைக்கு அனுப்பச் சொல்லுங்கள். பல்லில்லாத முதியவர்களுக்கும், இரைப்பையில் அறுவை செய்துகொண்டவர்களுக்கும் கொய்யாவை நடுப்பகுதி நீக்கிக் கொடுங்கள்.

5 வயதுக்குள் இருக்கும் பிள்ளைகளுக்கு நாவல், இலந்தை, சீத்தா, சப்போட்டா எதையும் கொட்டையோடு கையில் கொடுக்கவே வேண்டாம். குடலுக்குப் போகும் முன்பே கொட்டை மூச்சுக்குழாயில் சிக்கிக்கொள்ளலாம்.

பச்சை நிற வாந்தி, விட்டுவிட்டு வரும் முறுக்கு வலி, வயிறு உப்பியும் காற்றுகூடப் பிரியாமை: இதில் ஒன்று இருந்தாலும் காலை வரை காத்திருக்காமல் இரவிலேயே மருத்துவமனைக்குப் போங்கள். பழக்கொட்டை பொதுவாகச் சாதாரண எக்ஸ்ரேயில் தெரியாது. அதனால் என்ன பழம், எத்தனை, எப்போது என்று பிள்ளையிடம் திட்டாமல் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். திட்டினால் மறைத்துவிடும். வழியில் பாலோ இளநீரோ கொடுக்க வேண்டாம். மயக்க மருந்து கொடுக்க வயிறு காலியாக இருக்க வேண்டும்.