தட்டில் இருப்பதெல்லாம் உடம்பில் சேர்வதில்லை

"நான் நல்லாத்தான் சாப்பிடுறேன் மேடம்." உணவியல் ஆலோசனைக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் இப்படித்தான் பேச்சைத் தொடங்குவார்கள். கையில் இருக்கும் ரத்தப் பரிசோதனை அறிக்கையோ ஹீமோகுளோபின் குறைவு, வைட்டமின் பி12 குறைவு என்று வரிசையாகக் காட்டும். அவர்கள் சொல்வதில் பொய் ஏதும் இருக்காது. காய், பருப்பு, பால் எல்லாம் வீட்டில் நடக்கும். சாப்பிட்டது உடம்பில் சேர்ந்ததா என்பதை மட்டும் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

அதனால் நான் உணவுப் பட்டியல் எழுதித் தருவதற்கு முன்னால், "நேற்று காலை எழுந்ததிலிருந்து படுக்கிற வரைக்கும் வாயில் போட்டதையெல்லாம் சொல்லுங்கள்" என்று கேட்பேன். மூன்று வேளைச் சாப்பாட்டைக் கடகடவென்று சொல்லிவிடுவார்கள். "நடுவில்?" என்றால் ஒரு யோசனை. அப்புறம் டீ வரும், பிஸ்கட் வரும். "மாத்திரை?" என்று கேட்டால்தான் பைக்குள்ளிருந்து அட்டைகள் ஒவ்வொன்றாக வெளியே வரும். எனக்கு வேண்டிய தகவல் பெரும்பாலும் அந்த அட்டைகளிலும் டீ குடிக்கும் நேரத்திலும்தான் இருக்கும்.

நாற்பது வயதை ஒட்டிய ஒரு பெண். மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது, முடி கொட்டுகிறது. ரத்தம் ஊறட்டும் என்று தினமும் கீரை சாப்பிடுகிறார், இரும்புச்சத்து மாத்திரையும் மாதக்கணக்கில் போடுகிறார். அளவு நகரவே இல்லை. விசாரித்தால், மதியம் சாப்பிட்டு முடித்த கையோடு இரும்பு மாத்திரை, கூடவே கால்சியம் மாத்திரை, அதன்மேல் சூடாக ஒரு டீ. மறந்துவிடக் கூடாதே என்று எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் முடித்துவிடுகிறார். அக்கறையாகத்தான் செய்கிறார், ஆனால் மூன்றும் ஒன்றோடொன்று மல்லுக்கட்டுகின்றன. டீயிலும் காபியிலும் உள்ள பாலிபீனால்கள் குடலில் இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கால்சியமும் இரும்பு உள்ளே போவதைக் குறைக்கும்.

இரும்பு விஷயத்தில் உடம்பு கணக்கு பார்க்கும் விதமே தனி. வளர்ந்த ஒருவரின் உடம்பில் மொத்தம் 3 முதல் 4 கிராம் இரும்புதான் இருக்கிறது. ரத்தச் சிவப்பணுக்கள் சுமார் 120 நாள் வாழ்ந்து அழியும்போது, அவற்றிலிருக்கும் இரும்பை உடம்பு கவனமாக மீட்டெடுத்து மறுபடி பயன்படுத்திக்கொள்கிறது. ஒரு நாளில் வெளியேறுவது ஏறக்குறைய 1 மில்லிகிராம். மாதவிடாய் வரும் பெண்களுக்கு இது கூடும். 1 மில்லிகிராம்தானே என்று தோன்றும். ஆனால் தாவர உணவில் இருக்கும் இரும்பில் பெரும்பகுதி குடலைத் தாண்டி ரத்தத்துக்குள் போவதில்லை. இறைச்சி, மீனில் இருக்கும் இரும்பில் ஒரு பகுதி மட்டும் எளிதாக உள்ளே போகும் வடிவத்தில் இருக்கிறது. ஆக, இழந்த 1 மில்லிகிராமை ஈடுகட்ட, தட்டில் அதைப்போல 10 மடங்காவது இருக்க வேண்டியிருக்கிறது.

கீரைமேல் எனக்குப் பகையொன்றும் இல்லை. ஃபோலேட் என்ற பி வைட்டமினும் நார்ச்சத்தும், உடம்பு வைட்டமின் ஏ-ஆக மாற்றிக்கொள்ளும் பீட்டா கரோட்டினும் அதில் தாராளம். ஆனால் பல கீரைகளில் இருக்கும் பாலிபீனால் போன்ற பொருள்கள் அதிலுள்ள இரும்பை முழுதாக விட்டுக்கொடுக்காது. இங்கேதான் வைட்டமின் சி கைகொடுக்கிறது. அதே வேளைச் சாப்பாட்டில் எலுமிச்சைச் சாறோ, கொய்யாவோ, ஆரஞ்சோ இருந்தால் தாவர இரும்பு நன்றாக உறிஞ்சப்படும். சூட்டில் வைட்டமின் சி அழியும் என்பதால், எலுமிச்சையை அடுப்பிலிருந்து இறக்கிய பிறகு பிழிவது நல்லது. பயறுகளை ஊறவைத்து முளைகட்டினால் இரும்பைக் கட்டிப்போடும் ஃபைட்டிக் அமிலம் குறையும். டீ, காபியைச் சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரமாவது தள்ளி வையுங்கள். டீயை விட்டுவிடச் சொன்னால் யாரும் கேட்கப் போவதில்லை, தள்ளிக் குடிக்கச் சொன்னால் கேட்கிறார்கள்.

இன்னொன்று. கர்ப்பமாக இல்லாத பெண்களுக்கு ஹீமோகுளோபின் 100 மில்லி ரத்தத்தில் 12 கிராமுக்குக் கீழே போனால் ரத்தசோகை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. ஆனால் அந்த எண் இறங்குவதற்கு வெகு முன்பே உடம்பின் இரும்புச் சேமிப்பு காலியாகத் தொடங்கிவிடும். அதைக் காட்டுவது ஃபெரிட்டின் பரிசோதனை. காய்ச்சலோ உடம்பில் வேறு அழற்சியோ இருக்கும்போது ஃபெரிட்டின் தானாகவே ஏறும். அந்த நேரத்தில் எடுத்த அறிக்கையைப் பார்த்து நிம்மதி அடைய வேண்டாம்.

பி12 கதை வேறு. இது இயற்கையாகக் கிடைப்பது பால், முட்டை, மீன், இறைச்சி போன்ற விலங்கு உணவுகளில்தான். ஒரு நாளைக்குத் தேவை 2.4 மைக்ரோகிராம். கல்லீரல் சில ஆண்டுகளுக்கான பி12-ஐச் சேமித்து வைத்திருக்கும் என்பதால், விலங்கு உணவை அடியோடு நிறுத்தியவருக்குக்கூட உடனே ஒன்றும் தெரியாது. ஆண்டுகள் கழித்துக் கால் மதமதப்பு, ஊசி குத்துவது போன்ற உணர்வு, நாக்குப் புண், மறதி என்று ஆரம்பிக்கும். அதற்குள் வயதாகிவிட்டது, அதனால்தான் என்று வீட்டில் முடிவுகட்டியிருப்பார்கள்.

சாப்பிட்டும் பி12 சேராதவர்களும் உண்டு. இரைப்பை சுரக்கும் ஒரு புரதம் துணைக்கு இருந்தால்தான் சிறுகுடல் இதை உள்ளே விடும். வயதாகும்போது இரைப்பையில் அமிலம் குறைந்தால், உணவிலிருந்து பி12 பிரிவதே சிரமம். சர்க்கரை நோய்க்கான மெட்ஃபார்மின், நெஞ்செரிச்சலுக்கான அமிலக் குறைப்பு மாத்திரைகள் ஆகியவற்றை நெடுநாள் எடுப்பவர்களுக்கும் பி12 குறையலாம். அதற்காக மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். மருத்துவரிடம் சொல்லி அளவைப் பார்த்துக்கொண்டால் போதும். பி12 குறைந்திருக்கும்போது ஃபோலிக் அமில (ஃபோலேட்) மாத்திரையை மட்டும் வாங்கிப் போடுவதிலும் ஆபத்து இருக்கிறது. ரத்தசோகை சரியானதுபோலத் தெரியும், நரம்புச் சேதம் உள்ளே தொடர்ந்துகொண்டிருக்கும்.

சரி, சரிவிகித உணவு என்றால் என்ன? உடம்பால் தானாகச் செய்துகொள்ள முடியாத, அல்லது போதிய அளவில் செய்துகொள்ள முடியாத சத்துகளை அத்தியாவசியச் சத்துகள் என்கிறோம். 13 வைட்டமின்கள், புரதத்தின் கட்டுமானக் கற்களான அமினோ அமிலங்களில் 9, கொழுப்பு அமிலங்களில் 2, பல தாது உப்புகள். எந்த ஒரு உணவிலும் இவை எல்லாம் போதிய அளவில் இருப்பதில்லை. தானியப் புரதத்தில் லைசின் என்ற அமினோ அமிலம் குறைவு, பயறுப் புரதத்தில் மெத்தியோனின் என்ற அமினோ அமிலம் குறைவு. இரண்டும் சேர்ந்தால் ஒன்றின் குறையை மற்றது நிரப்பிவிடும். ஒரே வேளையில்தான் சேர வேண்டும் என்பதில்லை, ஒரே நாளுக்குள் சேர்ந்தாலும் சரிதான். எடை ஒரு கிலோவுக்கு 0.8 கிராம் புரதம் என்பது பொதுக் கணக்கு. 60 கிலோ எடை உள்ளவருக்கு 48 கிராம். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம்தான். முதியவர்களுக்குத் தசை கரையும் என்பதால் இன்னும் கொஞ்சம் கூடுதலாகத் தேவைப்படும். ஆனால் வீட்டில் குறைவாகச் சாப்பிடுவதும் அவர்கள்தான். சிறுநீரக நோய் இருப்பவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்டக் கூடாது.

எண்ணெயை அறவே ஒதுக்குகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஏ, டி, இ, கே ஆகிய நான்கும் கொழுப்பில் கரைபவை. ஒரு துளி எண்ணெயும் இல்லாத காரட் சாலட்டில் இருந்து பீட்டா கரோட்டின் குறைவாகவே உள்ளே போகும். மற்றபடி காயும் பழமும் நாளைக்கு 400 கிராமாவது, உப்பு 5 கிராமுக்குள் என்ற உலக சுகாதார நிறுவனத்தின் வரம்புகளை நினைவில் வைத்தால் போதும்.

இதையெல்லாம் கேட்டுவிட்டு, "ஒரு நல்ல மல்டிவைட்டமின் சொல்லுங்களேன்" என்பார்கள். குறை இன்னதென்று தெரிந்தால் மாத்திரை நல்ல மருந்து, தெரியாமல் போட்டால் வீண் செலவு. சில நேரம் அதைவிட மோசம். வைட்டமின் டி அளவுக்கு மீறிப் போனால் ரத்தத்தில் கால்சியம் ஏறிச் சிறுநீரகத்தைக் கெடுக்கும். கர்ப்பக் காலத்தில் அதிக அளவு வைட்டமின் ஏ, வயிற்றிலுள்ள குழந்தையையே பாதிக்கும்.

முடிக்கென்று விற்கும் பயோட்டின் என்ற பி வைட்டமின் மாத்திரையைப் பலர் மருந்துக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை, கேட்டாலும் சொல்வதில்லை. நாள் தேவை 30 மைக்ரோகிராம், மாத்திரையிலோ 10,000 வரைகூட இருக்கிறது. இவ்வளவு பயோட்டின் ரத்தத்தில் இருந்தால் சில ஆய்வக முறைகளில் தைராய்டு அளவு தவறாக வரும், மாரடைப்பைக் கண்டுபிடிக்கும் டிரோபோனின் உண்மையைவிடக் குறைவாகக் காட்டும். அமெரிக்காவின் உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2017-லேயே இதை எச்சரித்தது. அதனால் பரிசோதனைக்கு ரத்தம் கொடுக்கப் போகும்போது பயோட்டின் போடுவதைச் சொல்லிவிடுங்கள். எத்தனை நாள் முன்பு நிறுத்த வேண்டும் என்று மருத்துவர் சொல்வார், தைராய்டு பரிசோதனைக்குக் குறைந்தது இரண்டு நாள். ஆலோசனைக்கு வரும்போதும் எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்து வாருங்கள், விளம்பரம் பார்த்து வாங்கியது உட்பட.