மென்பொருள் தெரிந்தால் மட்டும் போதுமா? பல்லூடக வடிவமைப்புத் துறைக்கு வர விரும்புவோர் கவனத்துக்கு

வடிவமைப்புப் பணிக்கு வரும் விண்ணப்பங்களைப் பல ஆண்டுகளாகப் பரிசீலித்து வருகிறேன். பெரும்பாலானவை போட்டோஷாப், பிரீமியர், ஆஃப்டர் எஃபெக்ட்ஸ், பிளெண்டர் என மென்பொருள்களின் பட்டியலோடுதான் தொடங்குகின்றன. ஒவ்வொன்றுக்கும் எதிரே ஐந்து நட்சத்திரங்களில் நான்கு நிரப்பப்பட்டிருக்கும். தமக்குத் தாமே போட்டுக்கொண்ட அந்த மதிப்பெண்ணை வைத்து நான் யாரையும் தேர்ந்தெடுத்ததில்லை.

மென்பொருளை மட்டும் நம்பித் தொழிலை அமைத்துக்கொண்டால் என்னவாகும் என்பதற்கு ஃபிளாஷ் என்ற அனிமேஷன் மென்பொருள் நல்ல எடுத்துக்காட்டு. இணைய அனிமேஷன், விளையாட்டுகள், கல்விக் குறுவட்டுகள் என ஒரு காலத்தில் எங்கும் நிறைந்திருந்த அதற்கு, 2007-இல் வெளிவந்த ஐபோனில் இடம் கிடைக்கவில்லை. 2020 டிசம்பர் 31-உடன், ஃபிளாஷ் படைப்புகளை ஓடவைக்கும் ஃபிளாஷ் பிளேயருக்கான ஆதரவை அடோபி நிறுவனம் முற்றிலும் நிறுத்திக்கொண்டது. எந்தப் பொத்தானை எங்கே அழுத்த வேண்டும் என்று மட்டும் கற்றிருந்தவர்கள் திண்டாடினார்கள். ஒரு பொருள் எவ்வளவு வேகத்தில் கிளம்ப வேண்டும், எங்கே நிதானித்து நிற்க வேண்டும் என்ற காலக்கணக்கு கைவந்தவர்களோ அதே திறமையுடன் வேறு மென்பொருளுக்கு மாறிக்கொண்டார்கள்.

அப்படியானால் ஷோரீலில், அதாவது விண்ணப்பத்துடன் வரும் மாதிரிப் படைப்புகளின் காணொளியில், நாங்கள் எதைத்தான் பார்க்கிறோம்? ஒருவர் அனுப்பியிருந்த 30 விநாடி விளம்பரத்தில் முப்பரிமாண எழுத்துகளும் ஒளிச்சிதறல்களும் கண்ணைப் பறித்தன. ஆனால் பார்ப்பவர் குறித்துக்கொள்ள வேண்டிய தொலைபேசி எண், வெளிர் சாம்பல் பின்னணியில் வெள்ளை எழுத்தில், வெறும் 18 ஃபிரேம்களுக்கு (காணொளியின் தனித்தனிப் படங்களுக்கு) மட்டுமே வந்து போனது. விநாடிக்கு 25 ஃபிரேம் ஓடும் காணொளியில் அது முக்கால் விநாடிக்கும் குறைவு. வாய்விட்டு ஒருமுறை படித்துப் பார்த்திருந்தாலே இந்தக் குறை தெரிந்திருக்கும். இணைய உள்ளடக்கம் மாற்றுத்திறனாளிகள் உட்பட அனைவருக்கும் எட்ட வேண்டும் என்பதற்கான டபிள்யூசிஏஜி (WCAG) வழிகாட்டுதல்கள், சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே குறைந்தது 4.5-க்கு 1 என்ற ஒளி வேறுபாட்டைக் கேட்கின்றன. வலிப்பு நோய் உள்ளவர்களைக் கருத்தில் கொண்டு, ஒரு விநாடியில் மூன்று முறைக்கு மேல் எதுவும் பளிச்சிடக் கூடாது என்றும் சொல்கின்றன. இவற்றை அறிந்து செய்த எளிய வேலை ஒன்று, டியூட்டோரியலைப் பார்த்து அப்படியே செய்த பத்து வேலைகளைவிட எங்களுக்கு உயர்வாகவே தெரியும். அந்த டியூட்டோரியல்களை நாங்களும் பார்த்திருக்கிறோம் என்பதை விண்ணப்பிப்பவர்கள் ஏனோ மறந்துவிடுகிறார்கள்.

உங்கள் படைப்புகளின் தொகுப்பான போர்ட்ஃபோலியோவில் முடிந்த படத்துடன், கிளையன்ட் கேட்டது என்ன, நிராகரிக்கப்பட்ட முதல் வரைவு எது, குழுவாகச் செய்த வேலை என்றால் அதில் உங்கள் பங்கு எது என்பதையும் சேருங்கள். செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் நொடிகளில் படம் தரும் இக்காலத்தில் இந்த விவரங்களின் மதிப்பு கூடியிருக்கிறது. ஏனெனில் 'மற்ற எதையும் தொடாமல் கையை மட்டும் சற்று இறக்குங்கள்' என்று கிளையன்ட் கேட்கும்போது, படத்தின் கட்டமைப்பை அறிந்தவர்தான் அதைச் செய்து கொடுக்க முடியும்.

புதியவர்கள் அதிகம் சிக்கிக்கொள்ளும் இடம் உரிமம். இலவசமாகத் தரவிறக்கும் எழுத்துருக்களில் பல தனிப்பட்ட பயன்பாட்டுக்கு மட்டுமே அனுமதிக்கப்பட்டவை; அவற்றை விளம்பரத்தில் பயன்படுத்தினால் இழப்பீடு கேட்டு நோட்டீஸ் வரலாம். தேடுபொறியில் கிடைத்த படத்துக்கும் பின்னணி இசைக்கும் இதே கதிதான். எதை எங்கிருந்து எடுத்தீர்கள், அதன் உரிமம் என்ன என்பதை வேலையின் ஃபோல்டரிலேயே ஒரு கோப்பாக எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

பயிற்சி நிலையத்தைத் தேர்ந்தெடுக்கும்போது, வேலை உறுதி என்ற விளம்பரத்தை ஒதுக்கிவிட்டு, அங்கே படித்து முடித்தவர்களின் படைப்புகளைக் காட்டச் சொல்லுங்கள். எல்லாமே ஒரே அச்சில் வார்த்தவை போலிருந்தால், அங்கே கற்றுத்தரப்படுவது டெம்ப்ளேட் மட்டுமே.

தேர்வுக்கான சோதனைப் பணி என்ற பெயரில், உடனே வெளியிடத்தக்க முழு விளம்பரத்தை ஊதியமின்றிக் கேட்கும் நிறுவனங்களும் உண்டு. ஓரிரு மணி நேரத்தில் முடியும் கற்பனைப் பணி என்றால் தயங்காமல் செய்யலாம். உண்மையான கிளையன்டின் பெயரில் முழு வேலையையும் கேட்டால் ஊதியம் எவ்வளவு, எத்தனை முறை திருத்தம், மூலக்கோப்பு (பிறகு திருத்தக்கூடிய அசல் கோப்பு) யாருக்குச் சொந்தம் என்ற மூன்றையும் மின்னஞ்சலில் எழுதி வாங்கிய பிறகே கோப்பைத் திறங்கள்.