ஆர்ஜிதம்: ஈட்டியதா, எடுத்ததா?

பழைய கிரயப் பத்திரம் எதையாவது எடுத்துப் பாருங்கள். விற்பவர் அந்தச் சொத்து தனக்கு எப்படி வந்தது என்று சொல்லும் வரியில் ‘பிதுரார்ஜிதம்’ என்றோ ‘சுயார்ஜிதம்’ என்றோ இருக்கும். முன்னோர் சம்பாதித்து வைத்தது பிதுரார்ஜிதம், தானே உழைத்துச் சேர்த்தது சுயார்ஜிதம். ஆர்ஜிதம் என்பது வடசொல். சம்பாதித்தல், ஈட்டுதல் என்று பொருள்படும் ‘அர்ஜ்’ என்ற வேரிலிருந்து வந்தது. திருமலையில் பணம் கட்டிச் செய்விக்கும் பூஜைகளை ‘ஆர்ஜித சேவை’ என்கிறார்களே, அதுவும் இதே சொல்தான்.

அப்படியானால், ஒருவர் சம்பாதித்த நிலத்தை அரசு எடுத்துக்கொள்வதற்கும் ‘நில ஆர்ஜிதம்’ என்று ஏன் பெயர் வந்தது? ஆங்கிலத்தைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்ததால் வந்தது. 1894-ஆம் ஆண்டு லேண்ட் அக்விசிஷன் சட்டத்தின் ‘அக்விசிஷன்’ லத்தீனிலிருந்து வந்தது, தேடி அடைவது என்று பொருள். அகராதிப்படி ஆர்ஜிதம் அதற்குச் சரியான இணைதான். இந்தியிலும் சட்டத்தின் பெயர் ‘பூமி அர்ஜன்’. ஆனால் இரண்டு சொல்லுமே பெறுபவர் பக்கம் நின்று பேசுகின்றன. எதிரே ஒருவர் இழக்கிறார், அதுவும் விருப்பமில்லாமல் இழக்கலாம் என்ற செய்தி இரண்டிலும் இல்லை. இலங்கைத் தமிழர் ‘காணி சுவீகரிப்பு’ என்பார்கள். அது தனதாக்கிக்கொள்வதைக் கொஞ்சம் வெளிப்படையாகச் சொல்கிறது. இங்கே சுவீகாரம் என்றால் பிள்ளையைத் தத்தெடுப்பதுதான் நினைவுக்கு வரும்.

சரி, தமிழில் என்ன சொல்வது? பத்திரிகைகள் ‘நிலம் கையகப்படுத்துதல்’ என்று எழுதுகின்றன. கைக்குள் கொண்டுவருதல் என்ற பொருளில் நல்ல தமிழ்தான், வாக்கியத்தில் வைத்தால் சற்று நீளம். வருவாய்த் துறையில் ‘நில எடுப்பு’ என்ற சொல் நெடுநாளாக இருக்கிறது. ‘தனி வட்டாட்சியர் (நிலம் எடுப்பு)’ என்று அலுவலகப் பலகையிலேயே பார்க்கலாம். ஊரில் கேட்டால் ‘சிப்காட்டுக்கு எடுத்துட்டாங்க’ (சிப்காட் தமிழக அரசின் தொழிற்பேட்டைக் கழகம்) என்பார்கள், ‘ஆர்ஜிதம் செய்தார்கள்’ என்று யாரும் பேசுவதில்லை. என் ஓட்டு நில எடுப்புக்கே. எடுப்பவர் என்றாலே யாரிடமிருந்து என்ற கேள்வியும் கூடவே வந்துவிடுகிறது.

இதைப் பறிமுதலோடு குழப்பக் கூடாது. பறிமுதலில் இழப்பீடு கிடையாது. நில எடுப்பில் அறிவிக்கை, ஆட்சேபணை விசாரணை, இழப்பீட்டை நிர்ணயிக்கும் தீர்வம் (பேச்சில் ‘அவார்டு’) என்று படிகள் உண்டு. ஆக்கிரமிப்பும் அபகரிப்பும் சட்டத்துக்கு வெளியே நடப்பவை.

அகராதியில் இல்லாத சிக்கல், எடுத்த நிலம் தனியார் கம்பெனிக்குப் போகும்போதுதான் தொடங்குகிறது. அங்கே இரண்டு செயல்கள் நடக்கின்றன. உரிமையாளரிடமிருந்து அரசு வாங்குவது எடுப்பு. பிறகு தொழில் நிறுவனத்துக்குக் கொடுப்பது ஒதுக்கீடு, பெரும்பாலும் நீண்டகாலக் குத்தகை. சிப்காட் மனைகள் 99 ஆண்டுக் குத்தகையில் தரப்படுகின்றன. ஆர்ஜிதம் என்ற ஒரே சொல்லில் இரண்டையும் அடக்கிவிட்டால் வழக்கு எதைப் பற்றியது என்பதே புரியாது.

மேற்கு வங்கத்தின் சிங்கூர் வழக்கைப் பாருங்கள். 2006-இல் டாடா மோட்டார்ஸின் நானோ கார் தொழிற்சாலைக்காக ஏறத்தாழ 997 ஏக்கர் எடுக்கப்பட்டது. 1894 சட்டத்தில் பொது நோக்கத்துக்கு எடுக்க ஒரு வழி, கம்பெனிக்காக எடுக்க ஏழாம் பகுதியில் தனி நடைமுறை. மாநில அரசு முதல் வழியில் போனது. போராட்டம் முற்றி, 2008 அக்டோபரில் டாடா குஜராத்தின் சானந்துக்குப் போய்விட்டது. 2016 ஆகஸ்ட் 31 அன்று உச்ச நீதிமன்றம் அந்த எடுப்பையே ரத்து செய்தது. சுவாரசியம் என்னவென்றால், இரு நீதிபதிகளும் ஒரே முடிவுக்கு வெவ்வேறு வழியில் வந்தார்கள். இது ஒரு கம்பெனிக்கான எடுப்பு, ஏழாம் பகுதியைப் பின்பற்றியிருக்க வேண்டும் என்றார் நீதிபதி கோபால கவுடா. தொழில் வளர்ச்சி பொது நோக்கமே, ஆனால் விவசாயிகளின் ஆட்சேபணையைக் கடமைக்குக் கேட்டுத் தள்ளிவிட்டார்கள் என்றார் நீதிபதி அருண் மிஸ்ரா. 12 வாரத்தில் நிலத்தைத் திருப்பித் தர உத்தரவானது, வாங்கிய இழப்பீட்டை விவசாயிகள் திருப்ப வேண்டியதில்லை என்றும். ஒதுக்கீட்டின் கணக்கு அதோடு முடியவில்லை. டாடாவுக்கு 765.78 கோடி ரூபாயும் வட்டியும் தர வேண்டும் என்று மாநிலத் தொழில் வளர்ச்சிக் கழகத்துக்கு எதிராக 2023-இல் நடுவர் மன்றம் தீர்ப்பளித்தது.

2013-இன் புதிய மத்தியச் சட்டம், தனியார் கம்பெனிக்காக எடுப்பதென்றால் நிலம் இழக்கும் குடும்பங்களில் 80 சதவீதம் பேர் சம்மதிக்க வேண்டும் என்றது. தமிழ்நாட்டில் தொழிற்பேட்டைகளுக்கு நிலம் எடுப்பது 1997-ஆம் ஆண்டு மாநிலச் சட்டத்தின்படி. அதில் அந்தச் சம்மதம் தேவையில்லை. 2019 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் இந்தச் சட்டம் செல்லாது என்றது. அதே ஆண்டில் பேரவை வேறொரு சட்டம் போட்டு அதற்கு உயிர் கொடுத்தது. 2021 ஜூனில் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றுக்கொண்டது.

எடுத்து, பயன்படுத்தாமல் கிடக்கும் நிலம்? பழைய 1894 சட்டத்தில் தமிழ்நாடு 48-பி என்ற பிரிவைச் சேர்த்தது. எந்தப் பொது நோக்கத்துக்கும் தேவைப்படாவிட்டால், இழப்பீட்டுத் தொகையைத் திருப்பிக் கட்ட முன்வரும் பழைய உரிமையாளருக்கே அரசு மாற்றித் தரலாம் என்றது அது. ‘தரலாம்’தான், ‘தர வேண்டும்’ அல்ல. அந்த ஒரு விகுதிக்காக உயர் நீதிமன்றத்துக்குப் போனவர்கள் ஏராளம். இதற்கு இன்னும் நிலைத்த தமிழ்ச்சொல் இல்லை. ‘நில மீட்பு’ என்றால் ஆக்கிரமிப்பை அகற்றுவது என்று ஆகிவிட்டது. எடுப்புக்கு எதிரிணையாக ‘மீளளிப்பு’ என்று எழுதலாம்.