எதுக்கும் ஒரு ஸ்கேன்

ஸ்கேன் சென்டர் கவுன்டரில் நீட்டப்படும் பல சீட்டுகளில் இருப்பது ஒரே வரிதான்: ‘எம்.ஆர்.ஐ. எல்.எஸ். ஸ்பைன்’, அதாவது கீழ்முதுகுக்கு எம்.ஆர்.ஐ. ஸ்கேன். வலி எத்தனை நாளாக, காலுக்கு இறங்குகிறதா, எந்தக் கால் என்று ஒன்றும் இருக்காது. விசாரித்தால், “நான்தான் சார் கேட்டு எழுதி வாங்கினேன், எதுக்கும் ஒரு ஸ்கேன் பார்த்துடலாம்னு” என்பார்கள். சீட்டே இல்லாமல் வருகிறவர்களும் உண்டு.

படத்தில்தான் எல்லாம் தெரியுமே, சீட்டில் என்ன எழுதியிருந்தால் என்ன? அங்கேதான் சிக்கல். எதைத் தேடுகிறோம் என்பதை வைத்துத்தான் படமே எடுக்கிறோம். வயிற்றுவலிக்கு எடுக்கும் சிடி ஸ்கேனைப் பாருங்கள். சிறுநீர்க்குழாயில் கல் என்று சந்தேகம் இருந்தால் கான்ட்ராஸ்ட் ஊசி (படத்தில் வெள்ளையாகத் தெரியும் மருந்து) போடாமல் எடுக்க வேண்டும். கணையத்தில் கட்டியோ என்றால் ஊசி போட்டு, ஏறக்குறைய 40 வினாடியில் ஒருமுறை, 70 வினாடியில் ஒருமுறை எடுக்க வேண்டும். மருந்து சிறுநீரில் இறங்கிய பிறகு எடுத்தால் கல்லும் வெள்ளை, மருந்தும் வெள்ளை. சின்னக் கல் அதற்குள் ஒளிந்துகொள்ளும். மருந்தே இல்லாத படத்திலோ கணையக் கட்டி சுற்றியுள்ள திசுவின் சாயலிலேயே கிடக்கும். ‘முழு வயிறு சிடி’ என்று மட்டும் எழுதிய சீட்டு வந்தால் டெக்னீஷியன் எந்த முறையில் எடுப்பார்? வழக்கமாக எடுக்கும் முறையில் எடுப்பார். அது உங்கள் வலிக்குத் தேவையானதாக இருந்தால் அதிர்ஷ்டம்.

முதுகுக்கு வருவோம். வலியே இல்லாத 3,110 பேரின் ஸ்கேன்களை 33 ஆய்வுகளிலிருந்து தொகுத்த கட்டுரை ஒன்று 2015-இல் வந்தது. அதன்படி 20 வயதினரில் 30 சதவீதம் பேருக்கு டிஸ்க் (முதுகெலும்புகளுக்கு நடுவிலுள்ள மெத்தை) பிதுங்கியிருந்தது. 50 வயதினரில் அது 60 சதவீதம், 80 வயதினரில் 84. தேய்மானம் இன்னும் சகஜம். 50 வயதினரில் 80 சதவீதம் பேருக்கு இருந்தது. இவர்கள் யாருக்கும் முதுகுவலி இல்லை என்பதை மறந்துவிடக் கூடாது.

படத்தில் தெரிவதை எழுதாமல் விட முடியாது. ‘எல்4–எல்5 டிஸ்க் பல்ஜ்’, அதாவது கீழ்முதுகின் நான்காம், ஐந்தாம் எலும்புகளுக்கு நடுவே டிஸ்க் பிதுக்கம் என்று எழுதுகிறோம். ரிப்போர்ட் வீடு போய்ச் சேரும்போது அது ‘ஜவ்வு விலகிருச்சு’ ஆகிவிடுகிறது. தண்ணீர்க் குடம் தூக்கப் பயம், குனியப் பயம், இடுப்பில் பெல்ட்.

இதே சீட்டில் ‘வலது கால் கட்டைவிரலை மேலே தூக்க முடியவில்லை, மூன்று வாரமாக’ என்று ஒரு வரி இருந்தால் கதையே வேறு. கட்டைவிரலைத் தூக்குவது எல்5 நரம்பின் வேலை. எல்4–எல்5 மட்டத்தில், வலது பக்கத்தில், அந்த நரம்பு நசுங்குகிறதா என்று அங்கேயே கண் நிற்கும். ‘பிதுங்கியிருக்கிறது’ என்பதோடு நிற்காமல், ‘இந்தப் பிதுக்கம்தான் காரணம்’ என்றும் எழுத முடியும். அந்த வரி இல்லாதபோது எழுதுவது ‘மருத்துவப் பரிசோதனையோடு பொருத்திப் பார்க்கவும்’. ஸ்கேனைப் படித்து ரிப்போர்ட் எழுதும் ரேடியாலஜிஸ்ட் தப்பித்துக்கொள்ளும் வரி என்று இதைக் கேலி செய்வார்கள். கேலியில் கொஞ்சம் உண்மையும் இருக்கிறது.

இன்னொரு ஆபத்து படிக்கிறவரின் கண்ணில் நடக்கிறது. ஒன்றைக் கண்டுபிடித்ததும் தேடல் தளர்ந்துவிடும். மனித மூளை அப்படித்தான். மூன்று மட்டத்துப் பிதுக்கங்களையும் அளந்து எழுதி முடித்த கண், படத்தின் ஓரத்தில் பாதி தெரியும் சிறுநீரகக் கட்டியையோ வீங்கிய பெருந்தமனியையோ தாண்டிப் போய்விடலாம். வயிற்றை 40 செ.மீ. நீளத்துக்கு 1 மி.மீ. கனத்தில் வெட்டினால் 400 படம். மூன்று கட்டமாக எடுத்தால் 1,200. ஒருவருக்கே இவ்வளவு. நடுவில் போன்: “சார், பயப்படுற மாதிரி ஏதாவது இருக்கா?” பேசி முடித்ததும் அந்த ஸ்கேனை மறுபடி முதலிலிருந்து பார்ப்பதே சரி. வரிசை நீளமாக இருக்கும் நாளில் எல்லாரும் அப்படிச் செய்வார்கள் என்று சொல்ல முடியாது.

தேவையில்லாமல் தேடினால் என்ன ஆகும் என்பதற்குத் தென்கொரியா சாட்சி. அங்கே உடல் பரிசோதனையோடு கொஞ்சம் காசு சேர்த்துக் கொடுத்தால் தைராய்டுக்கும் அல்ட்ராசவுண்ட் பார்ப்பது பரவியது. 1993-இல் இருந்ததைப்போல 15 மடங்கு தைராய்டு புற்றுநோய் 2011-இல் கண்டுபிடிக்கப்பட்டது. அந்த நோயால் இறந்தவர்களின் விகிதம் மாறவே இல்லை. கண்டுபிடிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோருக்குத் தைராய்டை எடுத்தார்கள். அவர்களில் மிகப் பலருக்கு ஆயுள் முழுக்க மாத்திரை.

கதிர்வீச்சையும் சொல்லியாக வேண்டும். எம்.ஆர்.ஐ.யிலும் அல்ட்ராசவுண்டிலும் அது இல்லை. வயிற்று சிடி ஒருமுறைக்கு 8 முதல் 10 மில்லிசீவெர்ட் (கதிர்வீச்சை அளக்கும் அலகு). நாம் சும்மா இருந்தாலே மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் வருடத்துக்கு உலகச் சராசரியாக 2.4 வந்து சேர்கிறது. ஆக ஒரு சிடி மூன்று நான்கு வருடக் கணக்கு. தேவைக்கு எடுக்கப் பயப்பட வேண்டாம். ‘எதுக்கும்’ எடுக்க வேண்டாம்.

ஸ்கேனைத் தள்ளிப்போடக் கூடாத முதுகுவலியும் உண்டு. சிறுநீர் அடைத்துக்கொள்வது அல்லது தெரியாமல் போவது, மலம் அடங்காமல் போவது, உட்காரும் இடம் மரத்துப்போவது, பாதம் தொங்குவது என்றால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள். காய்ச்சலோடு முதுகுவலி, காரணமில்லாமல் எடை குறைவது, முன்பு புற்றுநோய் இருந்தது, விழுந்தது, நெடுநாள் ஸ்டீராய்டு சாப்பிட்டது ஆகியவற்றையும் டாக்டரிடம் உடனே சொல்லுங்கள். இவை எதுவும் இல்லாத புது வலிக்கு ஆறு வாரம் மாத்திரை, பயிற்சி, நடமாட்டம் என்று பார்ப்பதே வழக்கம். பெரும்பாலும் அதற்குள் தணிந்துவிடும். எதுக்கும் எடுத்த படங்கள் குவிந்த வரிசையில்தான் பாதம் தொங்குகிறவரும் காத்திருக்கிறார்.

டாக்டரிடம் “ஸ்கேன் எழுதிக் கொடுங்க” என்பதற்குப் பதில் “இந்த ஸ்கேன்ல என்ன தெரிஞ்சா என் வைத்தியம் மாறும்?” என்று கேளுங்கள். மாறாது என்றால் காசு மிச்சம். மாறும் என்றால் அந்தப் பதிலையே சீட்டில் எழுதச் சொல்லுங்கள். எங்கே வலி, எந்தப் பக்கம், எத்தனை நாள், முன்பு நடந்த ஆபரேஷன், சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறீர்களா, கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை) எவ்வளவு என்பனவும் அதில் இருக்கட்டும். பேஸ்மேக்கர் இருந்தால் எம்.ஆர்.ஐ.க்குப் பதிவு செய்யும்போதே சொல்லிவிடுங்கள். மேசையில் படுத்த பிறகு வேண்டாம்.

பழைய ஸ்கேன் இருந்தால் ரிப்போர்ட்டோடு ஃபிலிம் அல்லது சிடி தட்டையும் கொண்டுவாருங்கள். டியூப்லைட்டில் காட்டி மொபைலில் எடுத்த போட்டோவில் அளவெடுக்க முடியாது. நுரையீரலில் 7 மி.மீ. கெட்டியான புள்ளி ஒன்று தெரிந்தால், பழைய படம் இல்லாதவரை ஆறு மாதம் கழித்து மறுபடி வரச் சொல்ல வேண்டியிருக்கும். இரண்டு வருடத்துக்கு முந்தைய படத்திலும் அதே 7 மி.மீ.தான் என்றால், அன்றைக்கே முடிந்தது வேலை.